கிறிஸ்துமஸ் பார்ட்டி
அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2005 டிசம்பர் 6 அன்று ஒளிபரப்பான, ‘தி ஆபீஸ்’ நகைச்சுவைத் தொடரின் இரண்டாம் பருவ அத்தியாயம். எழுதியவர் மைக்கேல் ஷூர்.

அலுவலகத்தில் சீட்டுக் குலுக்கிப் பரிசு கொடுக்கும் விளையாட்டில், வேறொருவருக்கு நிச்சயமான சக ஊழியர் பாமின் பெயர் ஊழியர் ஜிம்முக்கு வருகிறது. தேநீர்க் கெண்டி ஒன்றை வாங்கி, இருவருக்கு மட்டுமே புரியும் சிறு பொருட்களை அதற்குள் போட்டு, ஒரு கடிதமும் சேர்க்கிறான். தனக்குக் கையால் பின்னிய அடுப்புக் கையுறை வந்ததில் கடுப்பான மேலாளர் மைக்கேல், யார் பரிசையும் யாரும் பறிக்கலாமென விதியை மாற்ற, கெண்டி இன்னொரு ஊழியரான டுவைட்டிடம் போய்விடுகிறது. பாம் தன் கைக்கு வந்த விலையுயர்ந்த ஐபாடைக் கொடுத்து அதை மீட்கிறாள். கடிதத்தை மட்டும் ஜிம் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறான். சொல்லாத காதலை நட்பின் பரிசுக்குள் இவ்வளவு நுட்பமாக வைத்த பண்டிகை அத்தியாயங்கள் அரிது. அக்கடிதம் பாமுக்குக் கிடைப்பது 2013இல், தொடர் முடியும் தறுவாயில்.