முடிவிடம் இழந்த பயணம்

கைதுசெய்யப்பட்டவரைப் பொலிஸார் கொண்டுசெல்லும் வழி, அரசின் இயல்பு வெளிப்படும் இடங்களுள் ஒன்றாகும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை, தப்பியோடாது தடுக்கத் தேவையானதினும் மிகுந்த கட்டுப்பாட்டைக் கைதானவர்மீது விதிக்கலாகாது என்கிறது. அவரை 24 மணித்தியாலத்துள் நீதவான்முன் நிறுத்துதல் வேண்டும். பயண நேரம் மட்டும் அக்கணக்கிற் சேராது. ஆக, அப்பயணத்தின் முடிவிடம் நீதிமன்றமே.

அதே ஆண்டு யூலையில் நிறைவேறிய பயங்கரவாதத் தடைச் சட்டமோ, தடுத்துவைக்கப்பட்டவரை விசாரணைக்காக இடத்துக்கிடம் கொண்டுசெல்லும் உரிமையைப் பொலிஸாருக்கு வழங்கிற்று. தடுப்புக்காவல் 18 மாதம் வரை நீளலாயிற்று. பயணம் முடிவிடம் இழந்தது.

இச்சட்டம் நிறைவேறுவதற்குச் சில நாள்களின் முன்னரே, யூலை 11 இல் யாழ்ப்பாணத்தில் அவசரகாலநிலை பிரகடனமாயிற்று. அதனையடுத்து இரவில் வீடுகளிலிருந்து பொலிஸார் கொண்டுசென்ற இளைஞருள் இருவரின் உடல்கள் பண்ணையிற் கிடந்தன. வேறு சிலர் மீளவேயில்லை. ஏலவே நிகழ்ந்த நடைமுறைக்கே சட்டம் பின்னர் உருவங் கொடுத்தது.

இதனை இன ஒடுக்குமுறையாக மட்டும் நோக்குதல் போதாது. 1971 கிளர்ச்சியின்போது தென்னிலங்கைக் கிராமப்புறச் சிங்கள இளைஞரும் அவசரகால அதிகாரத்தின்கீழ்க் கைதாகி மாண்டனர். சொத்துடைய வர்க்கத்தின் அரசு, நெருக்கடி வேளையில், தான் இயற்றிய சட்டத்தையே தடையாகக் காண்கிறது. கைதுக்கான காரணத்தை அறியும் உரிமையை 1978 அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை ஏற்கிறது. அவ்வுரிமையைக் காப்பது இரு இன உழைக்கும் மக்களின் பொதுப்பணியாகும்.