பெர்னூலி பல்லுறுப்புக்கோவைகளைக் கணித்தல்

அடுத்தடுத்த முழு எண்களின் அடுக்குகளைக் கூட்ட உதவும் சிறப்புக் கோவைகள் இவை. இவற்றின் மாறிலி உறுப்புகளே பெர்னூலி எண்கள். ஈரோட்டில் 1887இல் பிறந்த இராமானுஜன் 1911இல் இந்தியக் கணிதக் கழக இதழில் வெளியிட்ட முதல் ஆய்வுக்கட்டுரை இவ்வெண்களைப் பற்றியதே.

பைத்தானுடன் கூடவே வரும் நூலகத்தில் இவற்றுக்கெனத் தனிச் சார்பு இல்லை. ஆனாலும் ‘பிராக்ஷன்ஸ்’ தொகுதியின் பின்னங்களும், 3.8ஆம் பதிப்பில் சேர்ந்த சேர்மானச் சார்பும் தாராளமாகப் போதும். முந்தைய எண்களைச் சேர்மானங்களால் பெருக்கிக் கூட்டி, குறி மாற்றி வகுத்தால் அடுத்த எண் கிடைக்கும்: 1, −1/2 ஆகியவற்றிலிருந்து 1 − 3/2 = −1/2; அதை −3ஆல் வகுக்க 1/6. ஆகவே இரண்டாம் படிக்கோவையின் மாறிலி 1/6. பன்னிரண்டாம் எண் −691/2730. மிதவைப் புள்ளி எண்களில் இக்கணக்கீட்டைச் செய்யக் கூடாது. எதிரெதிர்க் குறியுள்ள பெரிய உறுப்புகள் ஒன்றையொன்று அழிக்கும்போது பிழை பெருகிவிடும்.