நாற்பது தடவை தோற்றும் ஏன் திரும்ப விளையாடுகிறார்கள்?

தரம் 10 மாணவன் ஒருவனுக்குக் கணிதத் தவணைப் பரீட்சைத் தாளைத் திருப்பிக் கொடுத்தோம். புள்ளியைப் பார்த்தான், மடித்துப் பைக்குள் வைத்தான், பிறகு திறக்கவே இல்லை. "போன்ல நாப்பது தரம் தோத்தாலும் திரும்பத் தொடங்குறான் சேர், படிப்பில மட்டும் ஒரு தரத்தோட விட்டுடுறான்" என்று அவனது உம்மா சொன்னார். என்ன கேம் என்று கேட்டோம். ஸ்லே த ஸ்பையர். இந்த வகைக்கு ரோக்லைட் என்று பெயர். அதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது உம்மாவின் கேள்விக்கு ஒரு பதில் கிடைத்தது.

கதை 1980 அளவில் கலிபோர்னியாவில் தொடங்குகிறது. அக்காலத்துச் சாகசக் கேம்களை ஒரு தடவை முடித்துவிட்டால் அடுத்த தடவையும் அதே குகை, அதே புதிர்தான். சான்டா குரூஸ் பல்கலைக்கழக மாணவர்களான மைக்கல் டோய், கிளென் விச்மன் இருவரும் இதற்கு மாற்றாக 'ரோக்' என்ற கேமை எழுதினார்கள். பின்னர் பேர்க்லியில் கென் ஆர்னோல்டும் சேர்ந்துகொண்டார். படங்கள் இல்லை. வீரன் @ என்ற குறி, அரக்கர்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் கணினி நிலவறையைப் புதிதாக வரையும். போன தடவை காயம் ஆற்றிய நிற மருந்து இந்தத் தடவை நஞ்சாக இருக்கலாம். செத்தால் முதலிலிருந்துதான். 1983இல் பேர்க்லியின் யுனிக்ஸ் பதிப்போடு அது பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது.

எல்லாம் அழிந்த பிறகும் ஒன்று மிஞ்சியது: விளையாடியவர் கற்றுக்கொண்டது. எந்த அரக்கனோடு மோதலாம், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்ற அறிவு அடுத்த ஆட்டத்துக்கும் கூடவே வந்தது.

ஆனால் அந்தக் கடுமையைத் தாங்கியவர்கள் கொஞ்சப் பேர்தான். 2013இல் கனடாவிலிருந்து வந்த 'ரோக் லெகசி' இதை இளக்கியது. வீரன் செத்தால் அவன் வாரிசு வருவான். தகப்பன் சேர்த்த தங்கத்தால் கோட்டையை வளர்த்து, பலமாகிப் போகலாம். ரோக்லைட் என்ற பெயர் பரவியதில் இந்தக் கேமுக்குப் பெரிய பங்குண்டு. 2020இல் முழுமையாக வெளியான 'ஹேடிஸ்' இன்னொரு வழி கண்டது. பாதாளத்திலிருந்து தப்பப் பார்க்கும் மகன் செத்து வீடு திரும்பும்போதெல்லாம் அங்கிருப்பவர்கள் புதிதாக ஏதாவது பேசுவார்கள். தோல்வியே கதையை நகர்த்தியது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. பலம் சேர்ந்துகொண்டே போனால், வென்றது நம் திறமையா, சேர்த்த தங்கமா என்று தெரியாமல் போகும். அப்படியான கேம் சீக்கிரம் அலுத்துவிடும். 2019இல் முழுமையாக வெளிவந்த ஸ்லே த ஸ்பையர் அலுக்காததற்குக் காரணம் இங்கேதான். அதில் தோற்றவருக்குப் புதிய சீட்டுகள் திறக்கலாம், நிரந்தர பலம் பெரிதாகக் கிடைக்காது. ஆனால் எதிரி அடுத்து தாக்கப் போகிறானா, தடுக்கப் போகிறானா என்று அவன் தலைக்கு மேலேயே காட்டிவிடும். ஆகவே தோற்றவருக்குப் பெரும்பாலும் தெரியும்: "அந்தச் சீட்டை எடுத்திருக்கக் கூடாது." பிழை எங்கே என்று தெரிந்தவருக்குத் திரும்ப முயலக் கை துறுதுறுக்கிறது.

பரீட்சைத் தாளில் நாம் இதைச் செய்தோமா? சிவப்பு மையில் ஒரு புள்ளியை மட்டும் போட்டுக் கொடுத்திருந்தோம். அடுத்த நாள் தாளைத் திரும்ப வாங்கி, ஒவ்வொரு கணக்கிலும் எந்த வரியில் பிழைத்தது என்று குறித்தோம். எண்களை மாற்றி இரண்டு கணக்குக் கொடுத்தோம். ஒன்று சரிவந்தது. மற்றதை, "நாளைக்குச் செஞ்சிட்டு வாறன் சேர்" என்று கேட்டு வாங்கிப் போனான்.

இரவு முழுக்க விளையாட விடுங்கள் என்று சொல்லவில்லை. நேரக் கட்டுப்பாடு வேண்டும். ஆனால் பிள்ளை அடுத்த தடவை தாளோடு வீட்டுக்கு வந்தால், எத்தனை புள்ளி என்று கேட்க முன்னர், எந்த இடத்தில் பிழைத்தது என்று கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வந்தது என்று கீழே எழுதுங்கள்.