கழுத்தில் தொங்கிய பலகை

19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் ஒரு கொடிய வழக்கம் இருந்தது. வீட்டில் வெல்ஷ் பாஷையன்றி வேறொன்றும் கேட்டறியாத பாலகன் வாய்தவறித் தன் தாய்மொழியில் ஒரு சொல் உதிர்த்துவிட்டால், ‘டபிள்யூ. என்.’ என்று எழுத்துப் பொறித்த சிறு மரத்துண்டைக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் மாட்டிவிடுவார் உபாத்தியாயர். வேறொரு பிள்ளை வெல்ஷ் பேசக் கேட்டால் அந்தச் சுமையை அவன் கழுத்துக்கு மாற்றிவிடலாம்; பள்ளி விடும் வேளையில் எவனிடம் அது எஞ்சுகிறதோ அவனுக்குப் பிரம்படி. தோழனின் வாயை ஒட்டுக்கேட்கப் பிள்ளைகளைப் பழக்கியதே, அடியைக் காட்டிலும் பெரிய பாதகம் என்பேன்.

1858-இல் பிறந்த ஓவன் எட்வர்ட்ஸ், தன் கிராமப் பள்ளியில் அதைச் சுமந்தவர். பிறர் தலையில் கட்ட மனமில்லாமல் தானே அடிபட்டதைப் பிற்காலத்தில் எழுதிவைத்தார். 1907-இல் அவரே வேல்ஸின் தலைமைப் பள்ளிப் பரிசோதகரானார்.

பலகை மறைந்த பிறகும், இரு பாஷைகள் சேர்ந்தால் குழந்தையின் புத்தி குழம்பும் என்ற அபிப்பிராயம் மறையவில்லை. 1923-இல் சேர் என்பவர், 7 முதல் 14 பிராயம் வரையிலான சுமார் 1,400 வேல்ஸ் பிள்ளைகளைப் பரீட்சித்து, கிராமங்களில் இருமொழி பேசுவோர் பின்தங்கியிருப்பதாக வெளியிட்டார். வீட்டில் சௌராஷ்டிரமும் தெருவில் தமிழுமாக வளரும் மதுரைப் பிள்ளைகளைக் கண்ட நமக்கு இது விசித்திரமாகவே படும். அவருடைய ஆராய்ச்சியிலேயே நகரத்துப் பிள்ளைகளிடம் அத்தகைய வித்தியாசம் தென்படவில்லை. குற்றம் பாஷையினுடையதானால் நகரத்துப் பிள்ளையை மட்டும் அது விட்டுவைத்திருக்குமா? குடியானவன் வீட்டு வறுமையை அவர் தக்கவாறு கணக்கிலெடுக்கவில்லை. 1962-இல் மான்ட்ரியலில் பீல், லாம்பர்ட் இருவரும் குடும்ப அந்தஸ்தில் ஒத்த பிள்ளைகளை ஒப்பிட்டபோது, பிரெஞ்சும் ஆங்கிலமும் நன்கறிந்தவர்களே மேலோங்கி நின்றனர்.

அந்த முடிவுக்காக வேல்ஸ் காத்திருக்கவில்லை. 1939-இல், யுத்தத்துக்கு அஞ்சி ஆங்கில நகரத்துப் பிள்ளைகள் அபெரிஸ்ட்வித் ஊருக்குத் திரளாக வந்துசேர்ந்த சமயம், ஓவன் எட்வர்ட்ஸின் மகன் ஈவான், வெல்ஷ் மொழியிலேயே கற்பிக்கும் சிறு பள்ளியொன்றைத் திறந்தார். முதலில் சேர்ந்தவர்கள் 7 பேர். அவர்களில் ஒருவன், பாட்டனாரின் பெயரையே தாங்கிய அவருடைய மகன் ஓவன்.