லயத்துக்கு ஏது சரித்திரம்?

இரும்பாணியின் துணையின்றி 99 தூண்களின்மீது எழும்பி, 1908-ஆம் ஆண்டில் நிறைவெய்திய, மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்து ஸ்ரீ மெனாந்தி அரண்மனைக்கு, அதைச் சமைத்த மலாய்த் தச்சர் இருவரின் பெயர் உட்பட, சரித்திரம் விஸ்தாரமான இடம் அளித்திருக்கிறது. ஆயின் அதே மாநிலத்தில், 1891-இல் ரயில் ஓடத் தொடங்கிய சிரம்பான் - போர்ட்டிக்சன் தடத்துக்கு அப்பாலும் இப்பாலும் பரந்த ரப்பர்த் தோட்டங்களிலே, தமிழர் தலைமுறைகள் பிறந்து மடிந்த தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களைக் கட்டிய கைகள் எவருடையவை என்று கேட்டால் விடையளிப்பார் அரியர்.

காகிதம் முற்றும் மௌனம் சாதித்ததென்று சொல்வதற்கில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஓரினத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் பள்ளிக்கூடம் ஏற்படுத்தும் பொறுப்பைத் தோட்டத்தின்மேல் சுமத்திற்று. வீடு, தண்ணீர், வைத்தியம் ஆகியவற்றைச் சோதிக்க வந்த அதிகாரிகள் எழுதிச்சென்ற அறிக்கைகளுக்கும் செயலகக் கோப்புகளுக்கும் 1957-இல் ஸ்தாபிதமான தேசிய ஆவணக் காப்பகம் பிற்பாடு புகலிடமாயிற்று. அவையோ துரைத்தனத்தின் கண்கொண்டு பார்த்தவை: கூரையும் சாக்கடையும் அங்கே பதிவாகும், திண்ணையில் நடந்த பஞ்சாயத்து பதிவாகாது.

உண்மையான பொக்கிஷம், என் அபிப்பிராயத்தில், தோட்டத்து எழுத்தரான கிராணி வைத்திருந்த செக்ரோல் என்னும் வருகைப் புத்தகமே. எவர் எந்த நாளில் பெரட்டு என்னும் காலை அணிவகுப்புக்கு நின்றார் என்பதை அது ஒன்றே பெயர் சொல்லிக் கூறும். 1950-களில் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோனபோது, மரங்களை எண்ணி வாங்கியவர்களுக்கு அந்தப் புத்தகங்கள் வெறும் பழந்தாளாகவே தோன்றின.

2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் கட்டடங்களைப் பதிவேட்டில் ஏற்றிக் காக்க வழிசெய்கிறது. அரண்மனைக்கு அது எளிது. செம்பனைக்கு இடம்விட்டு லயங்கள் இடிந்த இடத்திலோ, பெரும்பாலும் மாரியம்மன் கோயில் மாத்திரம் நிற்கிறது.