எலியும் பியர்டட் டிராகனும் ஒண்ணா விளையாடலாமா? க்யூட் வீடியோக்களில் தெரியாத ஆபத்து என்ன?

சோபாவில் ஒரு பியர்டட் டிராகன் தலையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அதன் முதுகில் ஏறி, காதோரம் மோந்து பார்த்துவிட்டு இறங்கி ஓடுகிறது ஒரு வளர்ப்பு எலி. பின்னணியில் மெல்லிய பியானோ இசை. கீழே ஆயிரக்கணக்கில் இதயக் குறிகள். "அட, ரெண்டும் எவ்ளோ ஃப்ரெண்ட்ஸா இருக்கு பாரு" என்று பலரும் பகிர்கிறார்கள்.

வெளிநாடுகளில் எலியும் பல்லி இனங்களும் ஒரே வீட்டில் வளர்க்கப்படுவது புதிதல்ல. இந்தியாவிலும் எக்ஸாட்டிக் பெட் வளர்ப்பு பெருகிவிட்டதால், "ரெண்டையும் கொஞ்ச நேரம் ஒண்ணா விட்டா என்ன?" என்ற கேள்வி இங்கும் வந்துவிட்டது. சுருக்கமான பதில்: விடக் கூடாது. கண்காணிப்பில், பத்தே நிமிடம் என்றாலும் கூடாது. ஏன் என்பதுதான் விஷயம்.

எந்த எலி, எந்தப் பல்லி?

நம்மூர் கடைகளில் ஹாம்ஸ்டரையும் வெள்ளெலி என்பார்கள், வெள்ளை நிற எலியையும் வெள்ளெலி என்பார்கள். இங்கே பேசுவது இரண்டாவதைப் பற்றி. சாக்கடையிலும் கிடங்கிலும் திரியும் அதே பழுப்பு எலியின் வழிவந்ததுதான் இந்த வளர்ப்பு எலி. விக்டோரியா ராணி காலத்து லண்டனில் எலி பிடிக்கும் வேலை பார்த்த ஜாக் பிளாக் என்பவர், வித்தியாசமான நிறத்தில் சிக்கிய எலிகளைக் கொல்லாமல் வளர்த்து விற்றார். வளர்ப்பு எலியின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது என்பார்கள். வளர்ந்த ஆண் எலி அரை கிலோ வரை இருக்கும். ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டு.

பல்லி என்றால் நம் வீட்டுச் சுவரில் ஒட்டியிருப்பது அல்ல. உலகம் முழுக்க அதிகம் வளர்க்கப்படுபவை இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளைச் சேர்ந்த பியர்டட் டிராகன். பார்க்க நம்மூர் ஓணான் போலத்தான் இருக்கும், ஆனால் குண்டாக, தாடியில் முள் வைத்ததுபோல. வால் நுனி வரை அளந்தால் ஒன்றரை முதல் இரண்டு அடி. இன்னொன்று ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து லெபர்ட் கெக்கோ. முழுதாக வளர்ந்தாலும் நூறு கிராம்கூட இருக்காது. அதாவது எலி அதைவிடப் பல மடங்கு கனமானது. பல்லிதான் எலியைத் தின்னும், எலி பாவம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

அசையாமல் இருப்பது நட்பு அல்ல

இந்த வீடியோக்களைப் பார்ப்பவர்கள் ஏமாறும் இடம் இதுதான். எலி ஓடுகிறது, மோப்பம் பிடிக்கிறது, ஏறி இறங்குகிறது. பல்லி 'கூலாக' இருக்கிறது. கடிக்கவில்லை, ஓடவில்லை. அப்படியென்றால் அதற்குப் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

ஊர்வனவற்றுக்கு ஆபத்து நேரத்தில் முதல் உத்தியே அசையாமல் இருப்பதுதான். தோட்டத்தில் ஓணானை நெருங்கும்போது அது சட்டென்று உறைந்து நிற்பதைப் பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். அது நம்மோடு நட்பாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. பியர்டட் டிராகனும் அதையேதான் செய்கிறது. தாடி கறுப்பது, உடலைத் தட்டையாக்கித் தரையோடு ஒட்டுவது, வயிற்றில் கருமையான கோடுகள் தெரிவது, வாயைப் பிளப்பது எல்லாம் மன அழுத்தத்தின் அறிகுறிகள். பலரும் ரசிக்கும் 'கை அசைத்து ஹாய் சொல்வது' கூட அடங்கிப்போகும் சைகைதான். "நான் உனக்குப் போட்டி இல்ல, விட்டுடு" என்று அது சொல்கிறது. எலி மேலே ஏறும்போது கண்ணை மூடிக்கொள்வதைச் சுகம் என்று எடுத்துக்கொள்வதும் தவறு. பிடிக்காததை ஒதுக்கவும் அது அப்படிச் செய்யும்.

லெபர்ட் கெக்கோ வாலை மெதுவாகப் பாம்பு போல் நெளித்தால் அது எச்சரிக்கை. அடுத்த கட்டம் வாலையே கழற்றிவிட்டு ஓடுவது. நம் வீட்டுப் பல்லி செய்யும் அதே வேலைதான். ஆனால் கெக்கோவின் தடித்த வால், அது கொழுப்பைச் சேமித்து வைத்திருக்கும் கிடங்கு. அதை இழந்தால் மாதக்கணக்கில் சேர்த்த சத்து போய்விடும். புதிதாக முளைக்கும் வால் பழையதுபோல் இருப்பதுமில்லை.

எலியின் பக்கமும் சும்மா விடக் கூடாது. முடி சிலிர்த்து உடல் பெரிதாகத் தெரிவது, பக்கவாட்டில் நடந்து தள்ளுவது, வாலை இப்படியும் அப்படியும் அடிப்பது எல்லாம் சண்டைக்கு முன்னோட்டம். கண்ணோரம், மூக்கோரம் சிவப்பாக ஏதாவது கசிந்தால் பலர் ரத்தம் என்று பதறுவார்கள். அது ரத்தமல்ல, போர்பைரின் என்ற நிறமி. எலி உடல்நலம் இல்லாமலோ பதற்றமாகவோ இருக்கும்போது கூடுதலாக வரும். இன்னொரு சிக்கல், எலியின் எச்சரிக்கைக் குரல் நமக்குக் கேட்கவே கேட்காது. பயந்தால் அது சுமார் 22 கிலோஹெர்ட்ஸில் கத்தும். மனிதக் காதின் எல்லை அதிகபட்சம் 20. "அது சத்தமே போடலையே" என்பது எதற்கும் ஆதாரம் இல்லை.

பத்து நிமிடத்தில் என்ன மாறுகிறது?

"நான் பக்கத்துலயே இருக்கேன், ஏதாவது ஆனா தூக்கிடுவேன்" என்பதுதான் வளர்ப்பவர்கள் சொல்லும் வழக்கமான வாதம். இதில் வெப்பநிலை என்ற கணக்கு விடுபட்டுப் போகிறது.

பல்லிக்கு உடல் சூட்டை உள்ளிருந்து உண்டாக்கும் வசதி இல்லை. பியர்டட் டிராகன் கூண்டில் வெயில் காயும் இடம் 40 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்க வேண்டும். அங்கிருந்து எடுத்து 24 டிகிரி ஏசி அறையில் சோபாவில் விட்டால், நிமிடத்துக்கு நிமிடம் அதன் உடல் குளிர்கிறது. தசை மந்தமாகிறது. ஓடும் வேகம் குறைகிறது. எலியோ பாலூட்டி, அதன் வேகம் அப்படியே இருக்கும். விளையாட்டு தொடங்கியபோது சமமாகத் தெரிந்த இரண்டும் பத்தாவது நிமிடத்தில் சமமாக இருப்பதில்லை. பல்லி 'பழகி அமைதியாகிவிட்டது' என்று தோன்றும் நேரம்தான் அதனால் தப்பிக்கவே முடியாத நேரம்.

சரி, பல்லியின் கூண்டிலேயே விட்டால்? அங்கே கதை தலைகீழ். எலிக்கு வியர்த்து உடலைக் குளிர்விக்கும் வசதி கிடையாது. பெரும்பாலும் வால் வழியாகத்தான் சூட்டை வெளியேற்றுகிறது. 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். பல்லிக்கு அவசியமான யூவிபி விளக்கு, சிவப்புக் கண் கொண்ட வெள்ளை எலிக்குக் கண்ணைக் கெடுக்கும். போதாததற்கு, பியர்டட் டிராகன் பகலில் இயங்கும். எலி அந்தி சாய்ந்த பிறகுதான் உற்சாகமாகும். ஒன்றின் விளையாட்டு நேரம் இன்னொன்றின் தூக்க நேரம்.

கடிக்கப்போவது யார்?

பெரும்பாலும் எலி. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பவை, எதையாவது கொறித்தபடிதான் இருக்கும். மெதுவாக நகரும், சதைப்பிடிப்பான, புது வாசனை கொண்ட ஒரு வால் எலிக்குப் பொம்மையாகவும் தெரியலாம், உணவாகவும் தெரியலாம். பாம்புக்கும் பெரிய பல்லிகளுக்கும் உயிருள்ள எலியை இரையாகப் போட்டுவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போனவர்கள், திரும்பி வந்து இரைக்குப் பதில் வளர்ப்புப் பிராணியே கடிபட்டுக் கிடப்பதைப் பார்த்த சம்பவங்கள் ஊர்வன மருத்துவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. இரை எலிகளை உறையவைத்தே கொடுக்க வேண்டும் என்று அவர்கள் வலியுறுத்துவதற்கு இதுவும் காரணம்.

காட்டில் இதன் அளவு இன்னும் பெரிது. கப்பல்களோடு வந்திறங்கிய எலிகள் நியூசிலாந்தின் பறவைகளோடு அரணைகளையும் பல்லிகளையும் சேர்த்தே அழித்தன. அதனால்தான் 2050-க்குள் எலி உள்ளிட்ட வேட்டை விலங்குகளை நாட்டைவிட்டே ஒழிக்கும் திட்டத்தை 2016-ல் அந்நாட்டு அரசு அறிவித்தது. அந்தப் பட்டியலில் நம் வளர்ப்பு எலியின் மூதாதையான பழுப்பு எலியும் உண்டு.

பல்லிக்குப் பட்ட கடி சின்னதாகத் தெரிந்தாலும் சாதாரணமாக விடக் கூடாது. நமக்குச் சீழ் பிடித்தால் திரவமாக வடிந்துவிடும். ஊர்வனவற்றின் சீழ் பாலாடைக்கட்டி மாதிரி கெட்டியாக உள்ளேயே உறைந்துவிடும். வடியாது. பல நேரம் கீறித்தான் எடுக்க வேண்டும். மேலே தோல் ஆறியதுபோல் இருக்க, உள்ளே கட்டி வளரும்.

பல்லியின் உருவம் பெரிதானால் வேட்டைக்காரரும் இரையும் இடம் மாறும். டெகு, மானிட்டர் வகைகளுக்கு எலி என்பது நேரடியாகவே சாப்பாடு. நாக்கை நீட்டி நீட்டி அவை காற்றைத் துழாவுவது வாசனையை ருசி பார்க்கத்தான். பச்சை இகுவானா இலை தின்னும் பிராணி, எலியைத் தின்னாது. ஆனால் அதன் வாலடி ஒன்று போதும். பியர்டட் டிராகனும் எலிக்குட்டி கிடைத்தால் விழுங்கிவிடும்.

நடுவில் மாட்டுவது குழந்தைகள்

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இந்தப் பகுதிதான் முக்கியம். ஆரோக்கியமாகத் தெரியும் பல்லியின் குடலிலும் சால்மோனெல்லா பாக்டீரியா இருக்கும். அதற்கு ஒன்றும் ஆகாது, நமக்கு வயிற்றுப்போக்கு, காய்ச்சல் வரும். குழந்தைகளுக்கு ரத்தத்தில் கலந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 2012 முதல் 2014 வரை பரவிய 'சால்மோனெல்லா கோதம்' தொற்று பியர்டட் டிராகன்களோடு தொடர்புடையது என்று கண்டறியப்பட்டது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஊர்வன வளர்க்க வேண்டாம் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை.

பல்லி மட்டும் என்றால் கூண்டோடு போய்விடும். எலியையும் சேர்க்கும்போது என்ன ஆகிறது? பல்லி கழித்த இடத்தில் எலி நடக்கிறது, நக்குகிறது. பிறகு அதே காலோடு சட்டைக் கைக்குள் நுழைகிறது, தோளில் ஏறுகிறது, பிள்ளையின் கன்னத்தை மோந்து பார்க்கிறது. கூண்டுக்குள் இருந்த கிருமிக்கு நாமே ஒரு வாகனம் ஏற்பாடு செய்து கொடுத்ததுபோல் ஆகிவிடுகிறது.

சண்டையைப் பிரிக்கப் போய்க் கையில் கடி வாங்குவது அடுத்த ஆபத்து. எலியின் வாயில் இயல்பாகவே இருக்கும் ஒரு பாக்டீரியா 'எலிக்கடிக் காய்ச்சலை' உண்டாக்கும். இதை 'எலிக்காய்ச்சல்' என்று மழைக்காலத்தில் நாம் பேசும் லெப்டோஸ்பைரோசிஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், அது எலியின் சிறுநீரால் பரவுவது. கடிபட்டால் சோப்பு போட்டு ஓடும் நீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல், மூட்டுவலி, தடிப்பு வந்தால் "எலி கடிச்சது" என்பதை மறக்காமல் சொல்ல வேண்டும். அதற்குள் காயம் ஆறிப்போயிருக்கும், பலர் சொல்லவே மறந்துவிடுவார்கள். ஆன்டிபயாட்டிக்கில் குணமாகும் நோய் இது. தாமதமானால் இதயம்வரை பாதிக்கும்.

அப்போ விளையாட்டே வேண்டாமா?

வேண்டும், தனித்தனியாக. எலிக்கு விளையாட்டு அத்தியாவசியம். பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளுக்கு மனிதர்களோடு கண்ணாமூச்சி ஆடக் கற்றுக்கொடுத்து, அதை 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார்கள். ஒளியவும் தேடவும் அவை கற்றுக்கொண்டன. ஆனால் எலிக்கு வேண்டிய துணை இன்னொரு எலி. ஒற்றை எலியை வளர்ப்பவர்கள் 'பாவம் தனியா இருக்கே' என்று பல்லியைத் துணைக்கு விடுவதைவிட, அதே பாலினத்தில் இன்னொரு எலியைச் சேர்ப்பது பலன் தரும்.

பல்லி விளையாடுமா என்றால், விளையாடும். வாஷிங்டன் தேசிய விலங்குப் பூங்காவில் கிராகன் என்ற கொமோடோ டிராகன் வாளி, ஷூ போன்றவற்றை இழுத்து விளையாடியதை ஆய்வாளர் கார்டன் பர்கார்ட் பதிவு செய்திருக்கிறார். ஆனால் அது பொருட்களோடும் பழகிய பராமரிப்பாளரோடும் ஆடிய ஆட்டம். வேறொரு பிராணியோடு அல்ல. பியர்டட் டிராகனுக்கு மண் தோண்ட ஒரு பெட்டி, ஏற ஒரு கிளை, துரத்திப் பிடிக்க நாலு பூச்சி கொடுத்தால் போதும்.

இரண்டையும் வளர்ப்பவர்கள் வேறு வேறு அறையில் வைப்பது நல்லது. முடியாவிட்டால், ஒன்று மற்றொன்றைப் பார்க்காதபடி தடுப்பு அவசியம். எலியைத் தூக்கிய கையோடு பல்லியைத் தொட்டால் அந்த வாசனைக்கே சில பல்லிகள் விரலைக் கவ்வும், அதனால் இடையில் கை கழுவ வேண்டும். எலி உலாவும் சோபாவில் பல்லியை விடக் கூடாது, அடுக்களையில் இரண்டையுமே விடக் கூடாது.

ஏற்கனவே கடிபட்டுவிட்டதா? பல்லியைச் சூடான கூண்டுக்கு மாற்றி, மணலை எடுத்துவிட்டு டிஷ்யூ பேப்பர் விரித்து, காயத்தைச் சலைன் நீரில் கழுவி, அன்றே ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். எல்லா நாய், பூனை கிளினிக்கிலும் பல்லி பார்க்க மாட்டார்கள். அந்த எண்ணை முன்கூட்டியே தேடி வைத்திருப்பது நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

"நம்மூர் உடும்பையே வளர்க்கலாமே" என்று யாராவது நினைத்தால், நேராகச் சிறைதான். உடும்பு, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் இருக்கிறது. வைத்திருப்பதே குற்றம், 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பச்சை இகுவானா போன்ற, சைட்ஸ் ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் 2.0 தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும், இறந்தாலும், கைமாற்றினாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரர் "பேப்பர் எல்லாம் வேணாம் சார்" என்றால், அந்தக் கடையில் வாங்காமல் திரும்புவதே பாதுகாப்பு.