தீனி தீர்ந்துபோன ஒரு சனிக்கிழமை

1930களில் ஒரு சனிக்கிழமை மதியம். அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகம். பி.எஃப். ஸ்கின்னர் என்ற இளம் ஆராய்ச்சியாளருக்கு ஒரு சிக்கல். எலிகளுக்குக் கொடுக்கும் தீனி உருண்டைகள் திங்கட்கிழமை காலைக்குள் தீர்ந்துவிடும். அவரேதான் உட்கார்ந்து உருட்டணும்.

சோதனை எளிமையானதுதாங்க. பெட்டிக்குள் பசியோடு ஒரு எலி, ஒரு லீவர். அழுத்தினால் தீனி விழும். முதலில் தற்செயலாக அழுத்தும் எலி, தீனி கிடைத்த ருசியில் திரும்பத் திரும்ப அழுத்தும். நல்ல பலன் தரும் செயல் பழக்கமாகும் என்பதை 1898லேயே பூனைகளை வைத்து தார்ண்டைக் காட்டியிருந்தார்.

சரி, அன்னைக்கு ஸ்கின்னர் என்ன பண்ணார்? ஒவ்வொரு அழுத்தலுக்கும் எதுக்குத் தீனி, நிமிஷத்துக்கு ஒண்ணு போதும்னு முடிவு பண்ணிட்டார்.

எலி சலிச்சுப்போய் விட்டுடும்னு நினைக்கிறீங்களா? விடல. சீராக அழுத்திக்கொண்டே இருந்தது.

அடுத்து தீனியை மொத்தமாக நிறுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கிடைத்துப் பழகிய எலி சீக்கிரம் ஓய்ந்தது. எப்போதாவது கிடைத்துப் பழகியதோ நெடுநேரம் விடாமல் அழுத்தியது. சூதாட்ட இயந்திரம் மனிதனைப் பிடித்து வைப்பதும் இப்படித்தான் என்று ஸ்கின்னர் பின்னாளில் எழுதினார்.

அப்போ தண்டனை? தீனி நின்றபின், லீவரை அழுத்தினால் அது திருப்பி பாதத்தில் அடிக்கும்படி செய்து பார்த்தார். 1938ல் வந்த அவருடைய புத்தகத்தில் இது இருக்கிறது. எலி கொஞ்ச நேரம் அடங்கியது. அடி நின்றதும் மறுபடி ஆரம்பித்து, கடைசியில் அடி வாங்காத எலிகள் அழுத்திய அளவுக்கே அழுத்தி முடித்தது.

எலிக்கதை நமக்கெதுக்குன்னு கேக்காதீங்க. செல்போன் கேட்டு அழும் குழந்தைக்கு நாம் என்ன செய்கிறோம்? திங்கட்கிழமை "கிடையாது". செவ்வாய்க்கிழமை அரைமணி நேரம் அழுததும் கொடுத்துடறோம். புதன்கிழமை ஒரு அடி. வியாழக்கிழமை விருந்தாளி வந்தால் உடனே கையில் போன்!

குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: விடாமல் அழுதால் என்னைக்காவது கிடைக்கும்.

அதனால பெற்றோர்களே,

🔹போன் எப்போது, எவ்வளவு நேரம் என்பதை முதலிலேயே சொல்லிடுங்க.

🔹அம்மா "இல்லை"ன்னா அப்பா, தாத்தா, பாட்டி எல்லாருக்கும் அது "இல்லை"தான்.

🔹முதல் சில நாள் அழுகை கூடும். பயப்படாதீங்க, எதிர்பார்க்க வேண்டியதுதான். அப்போது பாதியில் இறங்கி வந்தால் இன்னும் நீளமாக அழப் பழக்குகிறோம்.

🔹அடிக்காதீங்க. அது அப்போதைக்கு வாயை மூடும், அவ்வளவுதான்.

🔹அழாமல் விளையாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்க. குழந்தைக்கு அதைவிடப் பெரிய பரிசு இல்லை.